ஞாயிறு சர்ச், திங்கள் சந்தை

1932-இல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், கிப்ஸ்லாந்து என்கிற பகுதியிலிருந்து ஒரு விவசாயி வீட்டம்மா ஃபோர்டு கம்பெனிக்கு ஒரு கடுதாசி போட்டார். விஷயம் இவ்வளவுதான். எங்களால் காரும் வாங்கி லாரியும் வாங்க முடியாது. ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குப் போகணும். திங்கட்கிழமை பன்றிகளைச் சந்தைக்கு ஏத்திட்டுப் போகணும். ரெண்டுக்கும் ஆகிற மாதிரி ஒரே வண்டி செஞ்சு தர முடியுமா?

அந்தம்மா பேரை யாரும் குறிச்சு வைக்கலை. ஆனா அந்தக் கடுதாசியிலிருந்து பிறந்ததாகச் சொல்கிற வண்டியை ஆஸ்திரேலியாவில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். முன்னாடி பார்த்தா கார், பின்னாடி பார்த்தா சரக்கு வண்டி. அதுக்கு அவங்க வச்ச பேர் 'யூட்'. யுடிலிட்டி என்கிற சொல்லைச் சுருக்கிட்டாங்க. மெல்போர்னில் இருக்கிற என் தங்கச்சி மகன் பழைய யூட் ஒன்றைப் போட்டோ எடுத்து அனுப்பி, "மாமா, இது உங்களுக்குன்னே செஞ்ச வண்டி பாருங்க" என்றான். அப்புறம் ராத்திரி மோட்டார் போட்டுட்டு வரப்பில் உட்கார்ந்திருக்கிற நேரமெல்லாம் செல்போனில் இதைத்தான் தேடித் தேடிப் படிச்சேன். படிச்சதை உங்களுக்கும் சொல்றேன்.

டவுனில் இருக்கிற உங்களுக்கு முதலில் சின்ன விவசாயியோட வண்டிக் கணக்கு புரியணும். எனக்கு இருக்கிறது மூணு ஏக்கர். தக்காளி, கத்திரி, வரப்போரம் முருங்கை. தக்காளி பறிப்பு நடக்கிற நாளில் இருபது பெட்டி, இருபத்தஞ்சு பெட்டி ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குப் போகணும். டிவிஎஸ் 50-இல் மூணு பெட்டிதான் கட்டலாம். மிச்சத்துக்கு வாடகை வண்டி. விலை இல்லாத நாளில் வாடகையும் பறிப்புக் கூலியும் போக, கையில் நிற்கிறது டீக்காசு. அதே வாரத்தில் ஒரு கல்யாணம், ஒரு காதுகுத்து, ஆஸ்பத்திரி எதாவது வரும். அதுக்கு ஒரு வண்டி வேணும். ரெண்டு வண்டி வாங்கிப் போட்டா, ஒண்ணு ஓடும்போது இன்னொண்ணு நிழலில் நின்னு வட்டி தின்னும். அதனால் சின்ன விவசாயி எந்த நாட்டில் இருந்தாலும் ஒரே வண்டியைத்தான் தேடுவான்.

1932 என்கிற வருஷத்தையும் கவனிக்கணும். உலகம் முழுக்கப் பொருளாதாரம் படுத்த நேரம். ஆஸ்திரேலியாவின் கம்பளி, கோதுமை இரண்டுக்கும் விலை இல்லை. தொழிலாளிகளில் கிட்டத்தட்ட மூணில் ஒருத்தருக்கு வேலை இல்லை. அந்தக் காலத்து பேங்குகள் விவசாயிக்குக் கார் வாங்கக் கடன் கொடுக்காதாம், கார் சொகுசுப் பொருளாம். சரக்கு ஏத்துகிற வண்டி என்றால் கொடுக்குமாம். இதைப் படிச்சதும் எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. எங்க பக்கம் ஒரு பேங்கில் நான் பழைய கார் ஒன்றுக்குக் கடன் கேட்டப்ப, "விவசாயிக்கு எதுக்குங்க கார்?" என்றுதான் கேட்டாங்க. கடல் தாண்டினாலும் கேள்வி மாறலை.

பின்னாடி சரக்குப் பெட்டி வச்ச வண்டியே அதுக்கு முன்னாடி இல்லையா என்று கேட்பீங்க. இருந்தது. 1925-லேயே ஃபோர்டு அமெரிக்காவில் மாடல் டி பிக்கப் விற்றது. ஆஸ்திரேலியாவிலும் காரின் பின்பக்கத்தை வெட்டிப் பெட்டி வச்ச வண்டிகள் ஓடின. ஆனா அதெல்லாம் மேலே துணி மூடி, பக்கத்தில் சரியான கண்ணாடி இல்லாதவை. மழை வந்தா நல்ல துணி போட்டுக்கிட்டு உட்கார முடியாது. திங்கட்கிழமைக்கு ஆகும், ஞாயித்துக்கிழமைக்கு ஆகாது. அந்தம்மா கேட்டதில் புதுசு என்று ஒன்று இருந்தால், அது ஞாயித்துக்கிழமைதான். சரக்கு ஏத்துகிறவனுக்கும் மரியாதையா ஒரு இடத்தில் போய் இறங்கணும் என்கிற ஆசை இருக்குங்க. அதைச் சொல்ல ஒரு பொம்பளையாள் வேண்டியிருந்தது.

கடுதாசி ஜீலாங் நகரத்தில் இருந்த ஃபோர்டு ஆலைக்குப் போய், அங்கே லூ பான்ட் என்கிற இளைஞர் கைக்கு வேலையாக வந்தது. ஜேம்ஸ் பாண்ட் இல்லைங்க, லூ பான்ட். 1910-இல் பிறந்தவர், அப்ப வயசு இருபத்திரண்டு, இருபத்து மூணு இருக்கும். ஒரு பெரிய கரும்பலகையில் வண்டியை முழுசா வரைஞ்சு காட்டினார் என்கிறார்கள்.

அவர் செஞ்சது என்னன்னு கொஞ்சம் விளக்கமா சொல்றேன், ஏன்னா விஷயமே அங்கதான் இருக்கு. சாதாரண பிக்கப்பில் டிரைவர் உட்காரும் கேபின் தனி, பின்னாடி பெட்டி தனி. நடுவில் ஒரு சந்து இருக்கும். பான்ட் அந்தச் சந்தை எடுத்துட்டார். ஃபோர்டின் ரெண்டு கதவு கூப் காரை எடுத்து, கேபினின் பக்கத் தகட்டை அப்படியே பின்னாடி நீட்டி, அதையே சரக்குப் பெட்டியின் சுவராக்கினார். கதவிலிருந்து பின்கதவு வரைக்கும் ஒரே உடம்பு. மேடு பள்ளத்தில் போகும்போது கேபினும் பெட்டியும் தனித்தனியா ஆடி, சேருமிடத்தில் விட்டுப்போகிற தொல்லை இல்லை. பார்க்கவும் காராத் தெரியும். பாரம் தாங்க அடிச்சட்டத்தையும் பின்பக்க ஸ்பிரிங்கையும் பலமாக்கினார். பெட்டி சுமார் அஞ்சரை அடி நீளம். ஏத்தக்கூடிய பாரம் 1,200 பவுண்டு, அதாவது கிட்டத்தட்ட 545 கிலோ. முன்னாடி ஃபோர்டின் வி8 எஞ்சின். கேபினில் கண்ணாடி ஜன்னல், காரில் இருக்கிற மாதிரியே சீட்டு.

545 கிலோன்னா எங்க கணக்கில் முப்பத்தஞ்சு, நாற்பது பெட்டி தக்காளி. என் மாதிரி ஆளுக்கு ஒரு நாள் பறிப்பு மொத்தமும் ஒரே நடையில் போயிரும். அளவு தெரிஞ்சு செஞ்ச வண்டி.

1934-இல் 'கூப் யுடிலிட்டி' என்ற பேரில் அது விற்பனைக்கு வந்தது. ஆஸ்திரேலியாவில் ஜெனரல் மோட்டார்ஸ்-ஹோல்டனும் கொஞ்ச நாளிலேயே செவர்லே கார் அடிச்சட்டத்தில் இதே மாதிரி வண்டியைக் கொண்டுவந்தது. 1935-இல் யூட்டை அமெரிக்காவுக்குக் கொண்டுபோய்க் காட்டினாங்க. அங்கே ஹென்றி ஃபோர்டு இது என்ன வண்டி என்று கேட்க, 'கங்காரு விரட்டி' என்று பேர் விழுந்ததாக ஒரு கதை உண்டு. கதை எப்படியோ, ஃபோர்டு கம்பெனி இருபது வருஷத்துக்கு மேல் அமெரிக்காவில் அப்படி ஒரு வண்டியைச் செய்யலை.

ஆஸ்திரேலியாவிலோ யூட் வேர் பிடிச்சு வளர்ந்தது. 1948-இல் ஹோல்டன் அந்த நாட்டுக்கென்றே ஒரு காரைக் கொண்டுவந்தது. 1951-இல் அதே காருக்கு ஒரு யூட்டும் வந்தது. 1960-களில் ஃபோர்டு ஃபால்கன் யூட். இதுக்குப் பிறகு அம்பது வருஷம், ஊரில் ஃபோர்டு கட்சி, ஹோல்டன் கட்சி என்று ரெண்டு கட்சி. நம்ம ஊரில் எம்ஜிஆர், சிவாஜி மாதிரி வச்சுக்கோங்க. ஆடு வளர்க்கிறவர், தச்சர், பிளம்பர், கொத்தனார் எல்லாரும் யூட்தான். பெட்டியில் நாய் ஒண்ணு நிக்கும். நியூ சவுத் வேல்ஸில் டெனிலிக்வின் என்கிற சின்ன ஊரில் 1999-லிருந்து யூட்டுக்கென்றே ஒரு திருவிழா நடத்துறாங்க. ஆயிரக்கணக்கான வண்டிகள் வந்து நிக்கும். தேர்த்திருவிழா கணக்கா கூட்டம்.

அமெரிக்கக் கதை வேற மாதிரி போச்சு. ஃபோர்டு கடைசியில் 1957 மாடலாக ரஞ்செரோ என்ற வண்டியை விட்டது. பேருக்கு அர்த்தம் பண்ணைக்காரன். ரெண்டு கதவு ஸ்டேஷன் வேகனின் பின்பக்கக் கூரையை எடுத்துட்டுச் செஞ்ச மாதிரியான வண்டி. முதல் வருஷமே 21,000-க்கு மேல் விற்றது. ரெண்டு வருஷம் கழிச்சு 1959-இல் செவர்லே போட்டிக்கு எல் கமினோ கொண்டுவந்தது. பின்பக்கம் ரெண்டு பெரிய இறக்கை விரிச்ச மாதிரி ஒரு அழகு. அதுவும் முதல் வருஷம் 22,000-க்கு மேல் போச்சு. அடுத்த வருஷமே 14,000 சொச்சமாக விழுந்தது. நிறுத்திட்டாங்க. அப்புறம் 1964-இல் கொஞ்சம் சின்ன கார் மேல் மறுபடி செஞ்சு விட்டாங்க. ஃபோர்டு 1960-லேயே ரஞ்செரோவைச் சின்ன ஃபால்கன் காருக்கு மாத்தியிருந்தது.

அமெரிக்க விவசாயிக்கு அது ஏன் ஒட்டலை? அவர்கிட்ட நிலமும் பெரிசு, பாரமும் பெரிசு. முழு பிக்கப் இன்னும் அதிகம் ஏத்தும், விலையும் ரொம்ப அதிகமில்லை. ரஞ்செரோவும் எல் கமினோவும் டவுன் ஆளுங்க, ஷோக்கா வண்டி ஓட்டுறவங்க கைக்குப் போச்சு. வேகம் கேட்டாங்க, கம்பெனியும் கொடுத்தது. 1970 எல் கமினோவில் 7.4 லிட்டர் எஞ்சின், 450 குதிரைத்திறன் வரைக்கும் கிடைச்சது. அதில் தக்காளி ஏத்தினா மார்க்கெட் போறதுக்குள்ள சாறாயிரும். எண்ணெய் நெருக்கடி வந்து பெட்ரோல் விலை ஏறினதும் அந்தக் கூட்டம் கலைஞ்சது. சிக்கனமா ஓடுற ஜப்பான் சின்ன பிக்கப்புகள் பக்கம் ஜனம் திரும்பியது. ரஞ்செரோ 1979-லும் எல் கமினோ 1987-லும் நின்னு போச்சு.

இடையில் ஒரு கோழிக் கதை இருக்கு, அதைச் சொல்லாம போக மனசு வரலை. 1960-களின் ஆரம்பத்தில் அமெரிக்கப் பண்ணைக் கோழிக்கறி மலிவா ஐரோப்பாவுக்குள் போச்சு. அங்கத்த கோழி வளர்க்கிறவங்க பாதிக்கப்பட, மேற்கு ஜெர்மனி, பிரான்ஸ் பக்கமெல்லாம் அதுக்கு வரியைக் கூட்டினாங்க. பதிலுக்கு அமெரிக்க ஜனாதிபதி ஜான்சன் 1963 டிசம்பரில், வெளிநாட்டிலிருந்து வரும் சின்ன லாரிகள், பிராந்தி, உருளைக்கிழங்கு ஸ்டார்ச் உள்ளிட்ட சிலதுக்கு 25 சதவீத வரி போட்டார். மத்ததுக்கு எல்லாம் பிற்காலத்தில் எடுத்துட்டாங்க, லாரிக்கு மட்டும் நின்னுருச்சு. இன்னிக்கும் அதுக்குப் பேர் 'கோழி வரி'.

1978-இல் ஜப்பானின் சுபாரு கம்பெனி காரிலிருந்து செஞ்ச பிராட் என்கிற குட்டி பிக்கப்பை அமெரிக்காவுக்கு அனுப்பியது. வரியிலிருந்து தப்பிக்க என்ன பண்ணாங்க தெரியுமா? பின்னாடி திறந்த பெட்டியில், பின்பக்கம் பார்த்த மாதிரி ரெண்டு பிளாஸ்டிக் சீட்டு வச்சாங்க. பிடிச்சுக்கக் கைப்பிடியும் உண்டு. ஆள் உட்கார சீட்டு இருக்கு, அதனால் இது லாரி இல்லை, கார் என்று கணக்கு. காருக்கு அப்ப வரி ரொம்பக் கம்மிதான். பின்னாளில் ஜனாதிபதியான ரீகன் தன் கலிஃபோர்னியா பண்ணையில் ஒரு பிராட் வச்சிருந்தார். கோழிக்காரங்க சண்டையில் ஒரு வண்டிக்குப் பின்னாடி சீட்டு முளைச்சது. விவசாய விலைக்கும் ஊர் உலகத்துக்கும் சம்பந்தம் இல்லை என்று சொல்றவங்களுக்கு இதைச் சொல்லுங்க.

திரும்ப ஆஸ்திரேலியாவுக்கு வருவோம். அங்கேயும் கடைசியில் அமெரிக்கக் காத்துதான் அடிச்சது. வி8 எஞ்சின் போட்ட யூட்டுகள் இளவட்டங்களின் விளையாட்டுச் சாமானாச்சு. 2006-இல் ஹோல்டனின் மாலூ என்கிற யூட் மணிக்கு 271 கிலோமீட்டர் வேகம் போய் கின்னஸ் சாதனை செய்தது. கேட்கப் பெருமைதான். பன்றி ஏத்திட்டுப் போறவருக்கு 271 எதுக்கு? ஃபோர்டு பக்கம் பாரத்தைப் பார்த்தாங்க. 1999 ஃபால்கன் யூட்டில் பெட்டியைக் கேபினிலிருந்து மறுபடி தனியாகப் பிரிச்சாங்க. பாரம் கூட ஏத்தலாம். ஆனா பான்ட் எடுத்துவிட்ட சந்து அறுபத்தஞ்சு வருஷம் கழிச்சு திரும்ப வந்துருச்சு.

இதில் அவங்க ரெண்டு பேரும் விட்ட ஒன்று இருக்கு. யூட்டில் ஒரே வரிசை சீட்டு. புருஷன் பெண்டாட்டி போகலாம். பிள்ளைங்க? அந்தக் காலத்தில் பின்னாடி பெட்டியில் ஏத்தி உட்கார வச்சுப் போனாங்க. காலம் மாறி, பிள்ளைகளை பெல்ட் போட்டு உட்கார வைக்கணும் என்றானதும் ஞாயித்துக்கிழமை வேலைக்கு யூட் பத்தாமல் போச்சு. அந்த நேரம் பார்த்து நாலு கதவு, ரெண்டு வரிசை சீட்டு, பின்னாடி பெட்டி என்று தாய்லாந்தில் செஞ்ச பிக்கப்புகள் வந்து இறங்கின. தாய்லாந்தோடு போட்ட ஒப்பந்தத்தால் 2005-லிருந்து அதுக்கு இறக்குமதி வரியும் இல்லை. 2016 ஜூலையில் கடைசி ஃபால்கன் யூட் ஆலையை விட்டு வெளியே வந்தது. அதே வருஷம் ஆஸ்திரேலியாவில் எல்லா வண்டியையும் விட அதிகம் விற்றது டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப். 2017 அக்டோபரில் ஹோல்டன் ஆலையும் மூடினது. அதோட அந்த நாட்டில் கார் செய்யும் தொழிலே முடிஞ்சது.

லூ பான்ட் அதைப் பார்க்க இல்லை. 1987 மார்ச்சில், டெலிவிஷன்காரங்க எடுத்த ஒரு படத்துக்காகத் தன்னுடைய பழைய 1934 யூட்டை ஓட்டிக் காட்டிட்டு, அதே வண்டியில் திரும்பும்போது விபத்தில் இறந்துபோனார். வயசு 77. தான் செஞ்ச வண்டியிலேயே போய்ச் சேர்ந்த மனுஷன். படிச்சப்ப கொஞ்ச நேரம் போனைக் கீழ வச்சுட்டேன்.

கார் மேல் செஞ்ச பிக்கப் அத்தோட செத்துப்போச்சா என்றால் இல்லை. பிரேசிலில் ஃபியட் கம்பெனி 1998-லிருந்து ஸ்ட்ராடா என்கிற சின்ன வண்டியை விற்குது. சின்ன காரின் வாரிசுதான். ஆனா அவங்க வருஷத்துக்கு வருஷம் கேபினைப் பார்த்தாங்க. முதலில் ஒரு வரிசை, அப்புறம் சீட்டுக்குப் பின்னாடி கொஞ்சம் இடம், அப்புறம் ரெண்டாவது வரிசை, 2020-இல் நாலு கதவு. 2021-இல் பிரேசிலில் காரும் சேர்த்து எல்லா வண்டியிலும் அதிகம் விற்றது அதுதான். அமெரிக்காவில் ஃபோர்டே 2021-இல் மேவரிக் என்று ஒன்று விட்டது. கார் மாதிரி ஒரே உடம்பு, நாலு கதவு, நாலரை அடிப் பெட்டி, பாரம் 680 கிலோ வரை. 2024-இல் ஒரு லட்சத்து முப்பதாயிரத்துக்கு மேல் போயிருக்கு. பெட்டியின் நீளம் 1934 யூட்டை விடக் குறைஞ்சிருக்கு, சீட்டு கூடியிருக்கு, கவனிச்சீங்களா?

என் புத்திக்கு எட்டினது இதுதான். அந்தக் கடுதாசியில் ரெண்டு கிழமை இருந்தது. திங்களை மறந்து செஞ்ச வண்டி பெட்ரோல் விலை ஏறினதும் விழுந்தது. ஞாயிறில் பிள்ளைகளை மறந்த வண்டி அடுத்தவன் வந்ததும் விழுந்தது. ரெண்டையும் ஞாபகம் வச்சவன் வண்டி மட்டும் இன்னும் ஓடுது.

நம்ம பக்கம் நிலைமை என்ன? 2005-இல் டாடா ஏஸ் வந்தது. சின்ன யானை என்று நம்ம ஜனம் வாயில் விழுந்த பேர். எங்களுக்கு அது பெரிய உபகாரம், பொய் சொல்லக் கூடாது. அப்புறம் தோஸ்த், பொலேரோ பிக்கப் எல்லாம் வந்தது. ஆனா இதெல்லாம் திங்கட்கிழமை வண்டிங்க. கேபினில் டிரைவரோடு இன்னொருத்தர். குடும்பத்தோடு குலதெய்வம் கோயிலுக்குப் போகணும்னா மிச்ச ஜனம் பின்னாடி சரக்குப் பெட்டியில் நின்னுட்டுதான் போகுது. சட்டப்படி அப்படி ஆள் ஏத்தக் கூடாது, அது சரியான சட்டம்தான். சரக்கு வேன் கவிழ்ந்து கோயிலுக்குப் போனவங்க, நடவுக்குப் போன பொம்பளைங்க இறந்த செய்தி பேப்பரில் வராத வருஷம் உண்டா? அதைப் படிச்சுட்டு டவுனில் இருக்கிறவங்க, "இவங்க ஏன் அதில் ஏறுறாங்க?" என்று கேட்கிறீங்க. நியாயமான கேள்வி. ஊரில் இருக்கிறது அந்த ஒரு வண்டி, அதனால ஏறுறாங்க.

இங்கே நாலு கதவு வச்ச பிக்கப் இல்லாமல் இல்லை. விலையைக் கேட்டா என் மூணு ஏக்கரில் பாதியை எழுதிக் கொடுக்கணும். அது பண்ணையாருக்கும் மலை ஏறி விளையாடுற பசங்களுக்கும் செஞ்ச வண்டி. அஞ்சு பேர் உள்ளே உட்காரணும், பின்னாடி ஐந்நூறு கிலோ ஏறணும், பேங்குக்காரர் கேள்வி கேட்காத விலையில் இருக்கணும். அவ்வளவுதான் தேவை. வண்டிக் கம்பெனிகளில் வேலை பார்க்கிற தம்பி, தங்கச்சிங்க உங்களில் எத்தனையோ பேர் இருப்பீங்க. ஓரகடத்திலும் மறைமலை நகரிலும் கம்ப்யூட்டரில் வண்டி வரையுறவங்க இருப்பீங்க. பான்டுக்கு அப்ப இருபத்து மூணு வயசு, கையில் இருந்தது கரும்பலகையும் சாக்பீஸும்தான். இதையே என் கடுதாசியா வச்சுக்கோங்க.

தக்காளி நாத்து வந்து ரெண்டு நாளாச்சு, நாளைக்கு நடவு. முடிச்சுட்டு அடுத்த பதிவில் பார்க்கலாம்.